அறுகம்புல்லுக்குக் கட்டிய ஆரஞ்சு நூல்

பென்சில் கொண்டுவந்திருக்கிறீர்களா? மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி ஆய்வுக்கூடத்திலிருந்து போன வாரம் செய்தி வந்தது. ஊக்கமூட்டும்படி இருந்தால் நல்லது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஊக்கமூட்டுவது எனக்கு வராது. வேலையில் இருந்த காலத்தில் ஊக்கம் கேட்டு வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். ஆகவே நான் செய்த தவறுகளில் பெரியது எதுவோ அதைச் சொல்கிறேன். சின்னத் தவறுகளுக்கு என் உதவி தேவைப்படாது, நீங்களே செய்துகொள்வீர்கள். இன்னொன்று, உங்கள் மேசையில் இருக்கும் மரத் தாங்கியில் துளைகள் பெரிதாக இருக்கின்றன, புட்டிகள் ஆடுகின்றன என்று முதல் நாளே புகார் சொன்னீர்களாம். அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

நம் வேலை இன்னதென்று வெளியே சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. என் மாமியார் வீட்டில் கடைசிவரை நான் 'செடி டாக்டர்' தான். ரோஜாவில் பூச்சி விழுந்தால் போன் வரும். பூக்கிற செடியின் மொட்டை எடுத்து, அதன் உயிரணுக்களுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணி, எந்த எண்ணிக்கை உள்ள செடி எந்த ஊரில் வளர்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைப்பதற்கு ஒரு சம்பளம் தருகிறார்கள் என்றால் அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஆனால் நம் வெயில் பூமியில் ஒரே செடி என்று நாம் நினைப்பது ஊருக்கு ஊர் வேறு எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

நான் சொல்லப்போகும் செடி அறுகம்புல். புல்லுக்கு ஏது பூ என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அறுகில் பதினெட்டு குரோமோசோம் உள்ளது உண்டு, முப்பத்தாறு உள்ளது உண்டு. இரண்டும் கலந்தால் நடுவில் ஒரு பிள்ளை பிறக்கும், அதற்கு இருபத்தேழு. குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்துதான் விதைக்கு வழி செய்யும். மூன்று மூன்றாக நிற்பவர்களை ஜோடி சேரச் சொன்னால் ஒவ்வொரு முறையும் ஒருவர் மிச்சம். அதனால் இருபத்தேழு பூக்கும், கதிர் விடும், காய்ந்து நிற்கும், ஆனால் விதை வைக்காது. தண்டு தரையில் ஓடி ஓடித்தான் பரவும், அல்லது யாராவது பிடுங்கி நட வேண்டும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் தன் பெயர் எங்கும் வருவதை விரும்பாதவர், நானும் சொல்லவில்லை. சேர்ந்த முதல் மாதம் ஒரு கண்ணாடித் தகட்டைக் கொடுத்து எண்ணச் சொன்னார். என்ன செடி சார் என்று கேட்டேன். "எதுக்கும்மா? செடி பேரைச் சொன்னா நீ நேரா நூலகத்துக்குப் போவ. புத்தகத்துல என்ன நம்பர் போட்டிருக்கோ அதுதான் அப்புறம் உன் கண்ணுக்குத் தெரியும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. என்னை நேர்மையில்லாதவள் என்கிறாரே என்று இரண்டு நாள் அவரிடம் சரியாகப் பேசவில்லை. அவர் பேசியது நேர்மையைப் பற்றி அல்ல, கண்ணைப் பற்றி. அது எனக்குப் புரிய முப்பது வருடமும் ஒரு குளமும் தேவைப்பட்டன.

ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போது, ஓர் ஆடி மாதம், பழவேற்காடு ஏரியைச் சுற்றி அறுகு சேகரிக்கப் போனேன். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி மீஞ்சூர் தாண்டும்போது பையைத் துழாவினால் பென்சில் இல்லை. வீட்டு மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மொட்டுகளைப் போட்டு வைக்கும் திரவத்தில் பாதிக்கு மேல் ஆல்கஹால். பேனா மை அதில் கரைந்துபோகும், பென்சில் எழுத்து அழியாது. இது முதல் வருடப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுக்கும் பாடம். பொன்னேரியில் இறங்கியதும் ஒரு கடையில் பென்சில் வாங்கியிருக்கலாம். வெயில் ஏறும் முன் மொட்டு எடுக்க வேண்டும் என்ற அவசரம். பேனாவிலேயே எழுதுவோம், சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், வாசலில் வெட்டிவிட்ட அழகான புல்தரை. ஓரத்தில் கத்தி படாத இடத்தில் கதிர் விட ஆரம்பித்திருந்தது. நான் குனிந்து கிள்ளுவதைப் பார்த்துக் காவலாளி வந்தார்.

"மாட்டுக்கா மேடம்?" என்றார்.

"ஆராய்ச்சிக்கு" என்றேன்.

அவர் என் புட்டியையும் அதிலிருந்த ஒரு சிட்டிகைப் புல்லையும் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் எட்த்துக்கோங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அது முதல் புட்டி.

அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு, கோட்டைக்குப்பத்திலிருந்து படகு. அக்கரையில் ஒரு சின்னக் குப்பம். படகு முருகேசனுடையது. உடன் வந்தவள் அவர் மனைவி அஞ்சலை. நாற்பது வயதிருக்கும். பொன்னேரிச் சந்தையில் மீன் விற்கிறவள், குப்பத்துப் பெண்கள் குழுவுக்குத் தலைவி. பேச்சில் யாரையும் விட மாட்டாள். அவர்கள் வீட்டு வாசலில் மெத்தென்று அறுகு படர்ந்திருந்தது. அந்த வீட்டில் மட்டுமல்ல, எல்லா வீட்டு வாசலிலும் அப்படித்தான். மணலில் போட்டால் வலையில் மண் ஏறும் என்று புல்லின்மேல் விரித்துக் காயவைத்திருந்தார்கள். எனக்கு வேண்டிய மொட்டும் இருந்தது. பறித்துப் புட்டியில் போட்டு, பேனாவில் சீட்டு எழுதி உள்ளே நுழைத்தேன்.

"இன்னா மேடம் எழுதுறீங்க?" என்றாள் அஞ்சலை.

"ஊர் பேரு, தேதி, செடி பேரு."

"காயிதத்த உள்ள போட்டா ஊறிப்பூடாதா?"

"இது தண்ணி இல்ல. இதுல ஊறாது."

அவள் நம்பவில்லை. இடுப்பில் செருகியிருந்த நூல்கண்டிலிருந்து ஆரஞ்சு நிற நைலான் நூலைக் கடித்து எடுத்து, புட்டியின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டாள். "எங்க வூட்டு நூலு இது. எங்க மாமனாரு காலத்துலேர்ந்து ஆரஞ்சுதான். மெதவைல இத்த கட்டினாத்தான் வல யாருதுன்னு தெரியும். காயிதம் போனாலும் நூலு போவாது. இருக்கட்டும்."

அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம், ஒரு முடிச்சு. வலையின் மிதவையில் அதைக் கட்டியிருப்பார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு, மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கிளம்பும் முன் அவள் என்னைக் குளத்தைப் பார்க்க அழைத்துப் போனாள். சுற்றிலும் ஏரி, எல்லாம் உப்பு. குடிக்க அந்தக் குப்பத்துக்கு இருந்தது மழைத்தண்ணீர் தேங்கும் அந்த ஒரு குளம்தான். இரண்டு வருடம் முன்பு மழைக்காலத்தில் ஏரி கரையைத் தாண்டிக் குளத்துக்குள் வந்துவிட்டது. அடுத்த மழை வரும்வரை கோட்டைக்குப்பத்திலிருந்து படகில் குடம் குடமாகத் தண்ணீர் ஏற்றி வந்திருக்கிறார்கள். இப்போது ஒரு தொண்டு அமைப்பு கரையை உயர்த்திக் கொடுத்திருந்தது. புதுமண், ஒரு புல்கூட இல்லை.

"ஐப்பசிக்குள்ள இதுமேல புல்லு புட்சிக்கணும் மேடம். இல்லாங்காட்டி மொத மழைலயே கரஞ்சிடும். மறுபடியும் கொடத்த தூக்கினு படகு ஏற என்னால ஆவாது" என்றாள். அதுவரை விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தவள் இதை மட்டும் என்னைப் பார்க்காமல் கரையைப் பார்த்துச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, புட்டிகளைத் தாங்கியில் வைத்தேன். மண்டபத்துப் புட்டி துளைக்குள் சரியாக இறங்கியது. அஞ்சலையின் புட்டி இறங்கவில்லை, முடிச்சு தடுத்தது. கத்தரியை எடுத்து நூலை அறுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். புட்டி உட்கார்ந்தது. களைப்பாக இருந்தது. சீட்டை மாற்ற வேண்டும் என்ற நினைவே வராமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

நான்கு நாள் கழித்து, அஞ்சலையிடம் என் எண்ணை வாங்கி, அந்தத் தொண்டு அமைப்பின் பொறியாளர் போன் செய்தார். இளைஞர், நல்லவர். வெளியூர்ப் புல் எதுவும் கொண்டுவராமல் அந்தக் குப்பத்து அறுகையே கரையில் ஏற்றலாம் என்று முடிவாம். விதை தூவுவதா, தண்டைப் பிடுங்கி நடுவதா என்பதுதான் கேள்வி. தண்டு என்றால் ஒவ்வொரு வீட்டு வாசலையும் உரிக்க வேண்டும், வலை காய இடமிருக்காது. விதை என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. "அந்தப் புல்லு விதை வைக்குமான்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும் மேடம். சனிக்கிழமை கூட்டம்" என்றார். அன்று வியாழன்.

புட்டிகளை எடுத்தேன். இரண்டு சீட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. திரவம் மட்டும் இலேசாக நீலம். எது மண்டபம், எது குப்பம் என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. குப்பைக்கூடையை என்றைக்கோ காலி செய்துவிட்டார்கள்.

இரண்டிலிருந்தும் மொட்டு எடுத்து எண்ணினேன். ஒன்றில் முப்பத்தாறு, தெளிவாக, ஜோடி ஜோடியாக. மற்றதில் இருபத்தேழு, மூன்று மூன்றாகவும் தனித்தனியாகவும் குழம்பிக் கிடந்தன. எண்ணியதில் பிசகில்லை. எது எந்த ஊர் என்பதுதான் தெரியவில்லை.

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது என்ன என்று உங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வீர்கள். 'தெரியாது, மறுபடி போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று பொறியாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு ரயில், ஒரு பஸ், ஒரு படகு. ஆனால் அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பேனாவில் எழுதினேன் என்று நான் என் மாணவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அதனால் யோசிக்க ஆரம்பித்தேன். கல்யாண மண்டபத்தில் அழகுக்கு நடும் புல் பெரும்பாலும் மலட்டுப் புல்லாக இருக்கும், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஏரிக்கு நடுவே தானாக வளர்ந்து ஊர் முழுக்கப் பரவிய புல் விதையில்லாமல் எப்படிப் பரவும்? ஆகவே இருபத்தேழு மண்டபம், முப்பத்தாறு குப்பம். அரை மணி நேரத்தில் சந்தேகம் போய்விட்டது. அது மட்டுமா, நான் அந்தப் புட்டியை எந்தத் துளையில் வைத்தேன் என்பதுகூட நினைவுக்கு வந்துவிட்டது. அப்படி ஒரு நினைவு எனக்கு இருக்கவே இல்லை என்று இப்போது தெரியும். அன்றைக்குச் சத்தியம் செய்திருப்பேன்.

'விதை வைக்கும் வகை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அடுத்த வாரம் அஞ்சலை போன் செய்தாள். "மேடம், இஞ்சினீரு தம்பி கதிர உருவி தூவ சொல்றாரு. அந்தப் புல்லுல வெத ஏது? நான் பாத்ததே இல்லியே."

"புல் விதை ரொம்பச் சின்னது அஞ்சலை. கண்ணுக்குத் தெரியாது. கதிரோட உருவிப் போடுங்க, அது பார்த்துக்கும்."

"படிச்சவங்க நீங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டாள். இந்த வாக்கியத்தை யாராவது உங்களிடம் சொன்னால் பயப்படுங்கள். எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

ஆவணி பிறந்ததும் அந்தக் குப்பத்துப் பெண்கள் கதிர் உருவினார்கள். கரையைக் கொத்தித் தூவினார்கள். மழை பெய்யவில்லை என்பதால் குளத்துத் தண்ணீரையே மொண்டு காலையும் மாலையும் ஊற்றினார்கள். அவர்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீர் அது. மூன்று வாரம் கழித்து அஞ்சலை மறுபடி கூப்பிட்டாள்.

"உப்பு மண்ணுல வர்ற உமரிதான் அங்கொண்ணு இங்கொண்ணு மொளைச்சிக்கீது. அறுகு ஒண்ணுகூட காணோம் மேடம். நாங்க எதுனா தப்பு பண்ட்டோமா?"

தப்பு அவர்களுடையதாக இருக்குமோ என்று அவள் கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? "தண்ணி சரியா ஊத்துறீங்களா?" என்று விசாரித்தேன். "இன்னும் பத்து நாள் பொறுங்க" என்றேன். என் வார்த்தைக்காக அவர்கள் பத்து நாள் பொறுத்தார்கள். அந்தப் பத்து நாளை என்னால் இன்றுவரை யாருக்கும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

புரட்டாசி பிறந்ததும் போனேன். படகு கரை தட்டும்போதே வெற்று மண் தெரிந்தது. அஞ்சலை வாசலில் குனிந்து காய்ந்த கதிர் ஒன்றைப் பறித்து, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்து, என் முகத்துக்கு நேரே நீட்டி ஊதினாள். எல்லாம் பறந்துபோயிற்று. கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. விதை இருந்தால் கனத்துக்குக் கொஞ்சமாவது தங்கும். நானும் வேறு நான்கைந்து வாசலில் பறித்துத் தேய்த்து ஊதினேன். எல்லாம் வெறும் உமி. மைக்ராஸ்கோப்பே வேண்டியிருக்கவில்லை. ஆடி மாதம் இதே வாசலில் நின்றபோது எனக்கு இரண்டு உள்ளங்கைகள் இருந்தன, வாயும் இருந்தது.

குளத்தங்கரையில் பெண்கள் கூடினார்கள். பொறியாளரும் வந்திருந்தார். அவர் ஏதோ நாசூக்காகச் சொல்லத் தொடங்கினார். அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு நானே பேசினேன்.

"தப்பு என்னோடது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. இந்தப் புல்லு விதை வைக்காது. ரெண்டு புட்டி இருந்துது, எது எந்த ஊருன்னு எனக்குத் தெரியல. தெரியாமலே தெரிஞ்ச மாதிரி எழுதிக் குடுத்துட்டேன்."

அஞ்சலை கேட்டாள். "நான் கட்ன நூலு?"

"அறுத்துட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"தாங்கியில உட்காரல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கும் அது சிரிக்கக்கூடிய காரணமாகத்தான் பட்டது. அஞ்சலை சிரிக்கவில்லை. "ஏரில கெடக்குற வலைல எவன் வூட்டு நூலு இருந்தாலும் நாங்க கத்தி வெக்க மாட்டோம். பேச்சுவார்த்த இல்லாத வூட்டு நூலா இருந்தாலும் வெக்க மாட்டோம். நீ எப்டி மேடம் வெச்ச?"

அதுவரை 'நீங்க' என்றவள் அன்று முதல் 'நீ' என்றாள். அது எனக்குத் தண்டனையாகத் தோன்றவில்லை. அன்றுதான் என்னைத் தன் மனிதர்களில் ஒருத்தியாகத் திட்டினாள்.

பிறகு ஒரு கேள்வி கேட்டேன், ஆடியிலேயே கேட்டிருக்க வேண்டியது. இந்தப் புல் இங்கே எப்படி வந்தது? மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அஞ்சலையின் மாமியார் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கோயில் குளத்தங்கரையிலிருந்து மண்ணோடு ஒரு கட்டி பெயர்த்து வந்து பிள்ளையாருக்கு வைத்தாராம். அதிலிருந்து ஒரு வீட்டுக்காரர் பிடுங்கி வாசலில் நட்டார், வலை காய வசதியாக இருந்தது. அதன் பிறகு புது வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிடி தண்டு கேட்டு வாங்கி நடுவது அங்கே வழக்கமாகிவிட்டது. தானாகப் பரவிய புல் என்று நான் நினைத்தது முழுக்க மனிதக் கையால் பரவியது. எந்தச் செடி எங்கே, ஏன் வளர்கிறது என்பதுதான் என் முப்பது வருடத் தொழில். அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விடையை நான் யாரிடமும் கேட்கவில்லை, ஏனென்றால் அது என் பாடம் என்று நினைத்திருந்தேன்.

இனி தண்டு நடுவதைத் தவிர வழியில்லை. மழைக்கு மூன்று வாரம் இருந்தால் அதிகம். வேர் பிடிக்க அதுவே போதாது. பெண்கள் மட்டும் நட்டால் முடியாது, ஆண்களும் மீன்பிடியை நிறுத்திவிட்டு வர வேண்டும். அங்கேதான் சிக்கல். ஏரியில் நல்ல இடங்களுக்குப் பாடு என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடலாம் என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். தன் நாளை விட்டால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான். இறால் வரும் காலம் வேறு. அந்த வாரத்தில் முருகேசனுக்கும் இன்னும் சிலருக்கும் பாடு விழுந்திருந்தது.

முருகேசன் அதிகம் பேசாதவர். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்தபடி, "எறாவ புட்சினு வந்து இன்னாத்துல வேக வெக்கிறது, உப்புத்தண்ணிலயா? நாளைக்கி காலைல மொதல்ல எங்க வூட்டு வாசல உரிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அழுதால் எல்லாரும் என்னைத் தேற்ற வருவார்கள், அதற்கு எனக்கு உரிமையில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை பிள்ளையார் கோயிலைத் தவிர ஊரில் எல்லா வாசலும் மொட்டையாகிவிட்டது. பழவேற்காட்டில் தெரிந்தவர் வீட்டில் தங்கி நானும் ஐந்து நாள் நட்டேன். பெரிய உதவி ஒன்றுமில்லை. "மேடம் நட்டது மட்டும் மல்லாந்துகினு கீது பாரு" என்று எனக்குப் பின்னாலேயே ஒருத்தி வந்து எல்லாவற்றையும் திருப்பி நட்டுக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் இடுப்பு நிமிரவில்லை. அதையும் சொல்லிச் சிரித்தார்கள். அந்தக் கேலியில் எனக்கு எவ்வளவு ஆறுதல் இருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன், அதனால்தான் நிறுத்தவில்லை.

மழை சொன்ன நாளுக்கு முன்பே வந்தது. கரை நின்றது, ஒரு மூலையைத் தவிர. கடைசி நாள் நட்ட வடக்கு மூலையில் வேர் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் கரை கரைந்து, ஒரு பகல் முழுக்க ஏரி உள்ளே வந்தது. ஆண்கள் பழைய வலைகளில் மண்ணைக் கட்டிப் போட்டு அடைத்தார்கள். எனக்கு அஞ்சலை போனில் சொன்னாள். நான் கேட்ட பத்து நாள் எவ்வளவு நீளம் என்று அந்த மூலையைப் பார்த்தால் தெரியும். என் பத்து நாளும் அங்கேதான் உடைந்தது.

ஆய்வுக்கூடத்தில் எல்லாரையும் கூப்பிட்டுப் பேனா, நூல், கடிதம் மூன்றையும் சொன்னேன். பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாணவி மட்டும் தன் பெட்டியைத் திறந்து தன் சீட்டுகளைச் சரிபார்க்கப் போனாள். தச்சரை வரவழைத்துத் தாங்கியின் துளைகளைப் பெரிதாக்கச் சொன்னேன். புட்டியின் கழுத்தில் யார் என்ன கட்டி அனுப்பினாலும் உள்ளே இறங்கும் அளவுக்கு. ஆடட்டும், பரவாயில்லை.

தை மாதம் மறுபடி மொட்டு எடுக்கப் போனேன். கரை பச்சையாக இருந்தது. வாசல்களிலும் தண்டு மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. பென்சிலில் சீட்டு எழுதிப் புட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, நானாகவே புட்டியை அஞ்சலையிடம் நீட்டினேன். அவள் இடுப்பிலிருந்து நூலை எடுத்துக் கட்டினாள். இந்த முறை மூன்று சுற்று.

வீட்டுக்குள் போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குளத்துத் தண்ணீர்தான், கேட்காமலே தெரிந்தது. முருகேசன் வலை சரிசெய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் குடித்தேன்.

"உப்பு கரிக்குதா மேடம்?" என்றாள் அஞ்சலை.

ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால் நாம் என்ன சொல்வோமோ அது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நன்றாக இருக்க வேண்டும் என்று அவர்களைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன். அதனாலேயே இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன்.

"கரிக்குது அஞ்சலை. கொஞ்சம்தான். ஆனா கரிக்குது."

அவள் சொம்பை வாங்கி மிச்சத்தைத் தானே குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, கரிக்குது" என்றாள். "இப்பத்தான் நீ உள்ளத சொன்ன."